ஒரு வாய் எறா

பகல் ஒன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கீரையக்கா வறுத்த எறா ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். நேரம் இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் பிசகாமல் நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த வாரம்தான் நான் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தேன். ஐஸ் கம்பெனிக்காரர் ஒருவர் வாங்கிக் கொடுத்து, பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை யாரும் கேட்காமலே அடிக்கடி படித்துச் சொல்லி எல்லோருடைய பொறுமையையும் சோதித்துக்கொண்டிருந்தேன். அக்கா எறாவை மெல்லத் தொடங்கியபோதும் நிமிர்ந்து பார்த்து, "ஒண்ணுக்குப் பத்து நிமிசம் கீது" என்று அறிவித்தேன். அதற்குப் பிறகு அன்று யாரும் என்னை மணி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்று காலை என் மகளைப் பொன்னேரி ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு வந்தேன். படிப்பு முடிந்ததும் வேலைக்குப் போவாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, அவள் ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் இருக்கப்போவதாகச் சொன்னாள். பிள்ளைகளோடு சேர்ந்து தோட்டம் போடுவது, அதில் விளைகிற காயையும் கீரையையும் மதியச் சாப்பாட்டில் அவர்கள் விரும்பிச் சாப்பிடும்படி செய்வது, இதுதான் வேலையாம். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. இன்ஹேலர் பையில் இருக்கிறதா என்று வீட்டில் பார்த்தேன். ஆட்டோவில் பார்த்தேன். ரயில் வரும் சத்தம் கேட்டதும் மறுபடி பையைத் திறந்தேன். "அம்மா, விடும்மா" என்றாள். ரயில் போய்விட்டது. வீட்டுக்கு வந்து வெகுநேரமாகியும் கை நடுக்கம் நிற்கவில்லை. டீத்தூள் டப்பாவின் மூடியைத் திறக்க முடியாமல் அடுப்படியில் நின்றபோதுதான் கீரையக்காவின் நினைவு வந்தது. சரியாகச் சொன்னால் அவருடைய நினைவுகூட இல்லை. கடைசியில் எங்கள் குப்பத்துக்கு வந்து இறங்கிய இன்னொருவரின் நினைவு.

எனக்கு அப்போது ஒன்பது வயது. லைட்ஹவுஸிலிருந்து வடக்கே, கடலுக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் நடுவில் இருந்த மணல்மேட்டில் எங்கள் குப்பம். இப்போதிருக்கிற பாலம் அப்போது கிடையாது. பழவேற்காட்டு ஊருக்குப் போவதென்றால் படகில்தான் ஏரியைத் தாண்டவேண்டும். உப்புக் காற்றிலும் மணலிலும் சவுக்கைத் தவிர வேறெதுவும் தலையெடுக்காது. எங்கள் வீடுகளில் குழம்பு என்றால் மீன் குழம்பு. மீன் இல்லாத நாளில் கருவாட்டுக் குழம்பு. கருவாடும் இல்லாத நாளில் குழம்பே இல்லை. காய்கறி என்பது கல்யாணப் பந்தியில் ஓரமாக வைக்கப்படும் ஏதோ ஒரு மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் மதியம் சாம்பார் சோறு. சமைத்துப் போடும் அம்மாளை ஆயா என்று கூப்பிடுவோம். சாம்பாரில் கிடக்கும் கத்தரிக்காயையும் பூசணித் துண்டையும் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்குவோம். யாருடைய வரிசை நீளம் என்று போட்டிகூட உண்டு. சாப்பிட்டு முடிந்ததும் வரிசை மொத்தமும் வேலிக்கு அப்பால் பறக்கும். அங்கே காக்காய்கள் தயாராக நிற்கும். காய்கறி உடம்புக்கு நல்லது என்பதற்கு எங்கள் குப்பத்தில் கண்கண்ட சாட்சி அந்தக் காக்காய்கள்தான். அப்படியொரு மினுமினுப்பு.

அந்த வருஷம் பள்ளி திறந்த கையோடு மெட்ராசிலிருந்து ஒரு அக்கா வந்து சேர்ந்தார். கல்லூரியை முடித்தவர், ஒரு வருஷம் உங்களோடு இருந்து நல்ல சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித்தரப்போகிறார் என்று பெரிய வாத்தியார் சொன்னார். சாப்பிடுவதற்கு எதற்குச் சொல்லித்தர வேண்டும் என்று எங்களுக்கு விளங்கவில்லை. தன் வேலைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று ஆயா முடிவுகட்டிவிட்டார். அதனால் கொஞ்ச காலம் அக்காவின் தட்டில் அடிப்பிடித்த சோறாகவே விழுந்தது. அக்கா அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, பாத்திரம் கழுவவும் கூட வந்து உட்கார்ந்ததில் ஆயாவின் கோபம் தன்னால் கரைந்தது.

அக்கா எங்கள் கண் இமைகளைக் கீழே இழுத்துப் பார்த்தார். வாயோரத்துப் புண்களைப் பார்த்தார். தினமும் மீன் சாப்பிடுகிற பிள்ளைகள் ஏன் இப்படி வெளுத்திருக்கிறார்கள் என்று பெரிய வாத்தியாரைக் கேட்டார். பெரிய எறாவும் நல்ல மீனும் கரைக்கு வந்ததும் கம்பெனியின் ஐஸ் பெட்டிக்குள் போய்விடும், எங்கள் சட்டிக்கு வருவது அதற்கு ஆகாததுதான் என்று வாத்தியார் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அதைப் போய் அக்கா ஏன் நோட்டில் எழுதிக்கொண்டார் என்று தெரியவில்லை. எறா கம்பெனிக்குப் போகாமல் வேறெங்கே போகும்?

பிறகு ஒரு நாள் காட்டூரிலிருந்து மண் வந்தது. மூட்டை மூட்டையாக, படகில். மீனை ஏற்றிப்போய் மண்ணை ஏற்றிவருகிறோமே என்று என் நைனா சிரித்துக்கொண்டே இறக்கிவைத்தார். கறுப்பாக, கையில் ஒட்டுகிற, பிடித்தால் பிடித்தபடி நிற்கிற மண். மணலைத் தவிர வேறு எதையும் மிதித்தறியாத நாங்கள் அதைச் சுற்றி நின்று மோந்து பார்த்தோம். என் அத்தை மகன் கொஞ்சம் நாக்கில் வைத்தும் பார்த்தான். உப்பு இல்லை என்று அறிவித்தான். உடைந்த ஐஸ் பெட்டிகளில் அந்த மண்ணை நிரப்பி அக்கா சிறுகீரை விதைத்தார். வேலியோரம் பாகல் கொடி ஏற்றினார். மணலில் ஊற்று தோண்டி நாங்கள் தண்ணீர் மொண்டு ஊற்றினோம். அதிலிருந்து அவர் கீரையக்கா ஆனார்.

கீரையக்காவிடம் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. சாப்பிட்டுப் பார்க்காமல் பிடிக்காது என்று யாரும் சொல்லக்கூடாது. "ஒரு வாய். ஒரே ஒரு வாய். அதுக்கப்புறம் துப்பினாக்கூட நான் கேக்கமாட்டேன்" என்பார். வாயில் போட்டவர்கள் அது எதைப் போல இருக்கிறது என்றும் சொல்லவேண்டும். அது எங்களுக்குப் பிடித்துப்போனது. வெண்டைக்காய் கெளுத்தித் தோல் போல இருந்தது. முட்டைக்கோஸ் நனைந்த காகிதம். பீட்ரூட்டைத் தின்றுவிட்டு நாளெல்லாம் நாக்கை நீட்டிக்கொண்டு திரிந்தோம். தட்டு விளிம்பு வரிசைகள் நாளுக்கு நாள் குட்டையாகின. இன்னொரு விளையாட்டும் உண்டு. ஒரு காயை மனதில் நினைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் அவர் நடித்துக் காட்டுவார். நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். முருங்கைக்காயாக அவர் ஒற்றைக் காலில் விறைத்து நின்றதைப் பார்த்து ஆயாவே சிரித்துவிட்டார்.

ஆனால் அவர் மேல் குப்பத்துப் பெண்களுக்கு ஒரு வருத்தம் இருந்தது. எந்த வீட்டுக்குக் கூப்பிட்டாலும் வருவார், உட்காருவார், பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வார். மீனோ எறாவோ தட்டில் வந்தால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு, எனக்கு ஒத்துக்காதும்மா என்று தள்ளிவைத்துவிடுவார். எங்கள் பக்கத்தில், உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்பதை நாசூக்காகச் சொல்வதற்கு அதுதான் வார்த்தை. அக்கா சைவமாக இருக்கும், இல்லாவிட்டால் நம்மை மட்டமாக நினைக்கும் என்று பேசிக்கொண்டார்கள். பால் மறக்கும் குழந்தைக்கு முதல் கவளத்தோடு எறாவை நசுக்கி ஊட்டுகிற ஊர் அது. "எறா ஒத்துக்காத ஒடம்பு எங்கனா உண்டா?" என்று என் அம்மா கேட்டார். உண்டு என்று எங்களில் எவருக்கும் தோன்றவே இல்லை.

வேலியில் முதல் பாகற்காய் காய்த்த அன்று வினை வந்தது. அக்கா அதைப் பொடியாக நறுக்கி ஆயாவிடம் வறுக்கக் கொடுத்தார். யாரும் கை நீட்டவில்லை. அப்போது என் அத்தை மகன் எழுந்து நின்று, "நீங்க மட்டும் எறாவத் துன்னாமலே வேணான்றீங்களேக்கா. அது இன்னா சட்டம்?" என்று கேட்டான்.

பெரிய வாத்தியார் அவனை அதட்டினார். அக்கா வாத்தியாரைக் கையமர்த்தினார். நியாயமான கேள்விதான் என்றார். யாராவது ஒருவர் பாகற்காயை முழுசாக ஒரு வாய் சாப்பிட்டு விழுங்கினால், தானும் எறா ஒரு வாய் சாப்பிடுவதாகச் சொன்னார். யார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது, நான் ஏற்கெனவே வாயில் போட்டுவிட்டிருந்தேன். வீரம் ஒன்றும் இல்லை. அது எதைப் போல இருக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை. எதைப் போலவும் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. விழுங்கினேன். அக்கா என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தார்.

அக்கா எறா சாப்பிடப்போகிறார் என்ற சேதி வீட்டுக்கு வீடு போனது. என் அம்மாவுக்கு முகம் மலர்ந்துபோனது. மறுநாள் காலை நைனா கொண்டுவந்த கூடையிலிருந்து, கம்பெனி ஆள் வருவதற்குள் பெரிய எறாவாகப் பார்த்து இரண்டு கை நிறைய அள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டார். அத்தனை பெரிய எறா எங்கள் வீட்டில் வேகுவதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். தலையைக் கிள்ளி, கொம்பை எடுத்து, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை உருவி, மஞ்சளும் மிளகாயும் பூண்டும் போட்டு வறுத்தார். நான் கை நீட்டியதும் கையில் ஒரு அடி விழுந்தது. அது அக்காவுக்கு என்றார். தூக்குச்சட்டியை நான்தான் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்தேன். வழியெல்லாம் நாய்கள் கூட வந்தன.

மதியச் சாப்பாட்டு வேளையில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். அக்கா தூக்குச்சட்டிக்குள் எட்டிப் பார்த்து, இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்தார். ரொம்பச் சின்னது என்று அத்தை மகன் ஆட்சேபித்தான். ஒரு வாய்தானே பேச்சு என்றார் அக்கா. எறாவை விரலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டார். நான் மணி சொன்னேன்.

எதைப் போல இருக்கிறது என்று எல்லோரும் கத்தினோம். அவர் கண்ணை மூடி மென்றார். பிறகு கண்ணைத் திறந்து சிரித்தார்.

"தித்திப்பா இருக்கே. எளநி வழுக்கைய எடுத்து வறுத்த மாதிரி."

எளநி வழுக்கை. எங்களுக்கு அது தோன்றியதே இல்லை. தூக்குச்சட்டி சுற்றி வந்தது. ஆளுக்கு ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு, ஆமாம், எளநி வழுக்கை மாதிரிதான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். வேண்டுமென்று கேட்காமலே அன்று எங்களுக்கும் பெரிய எறா கிடைத்தது.

அக்கா கழுத்தைச் சொறிந்துகொண்டார். பிறகு உதட்டைத் தடவினார். எழுந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் போனவர் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். இருமினார். இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

"முள்ளு சிக்கிக்கிச்சி!" என்று கத்தினான் அத்தை மகன்.

சாப்பிடும்போது ஒருவர் தொண்டையைப் பிடித்தால் என்ன செய்யவேண்டும் என்பது எங்கள் குப்பத்தில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். வெறுஞ்சோற்றை உருண்டை பிடித்து, மெல்லாமல் விழுங்கவைக்க வேண்டும். உருண்டை முள்ளை இழுத்துக்கொண்டு போய்விடும். ஆயா ஓடிவந்து சோற்றை எலுமிச்சை அளவுக்கு உருட்டி அக்காவின் வாயில் வைத்து அழுத்தினார். மெல்லாதம்மா, முழுங்கு என்றார். அக்கா தலையை ஆட்டி மறுத்தார். முள் குத்துகிறது போல, அதனால்தான் மறுக்கிறார் என்று, வேடிக்கை பார்க்க வந்திருந்த பெண்களில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் உச்சியில் தட்ட, ஆயா இன்னும் பெரிதாக அடுத்த உருண்டையைப் பிடித்தார்.

எறாவுக்கு முள்ளு ஏது என்று நான் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. மறுபடி சொன்னேன். "கொம்பு கீதுல்ல? கொம்பு குத்திக்கினு கீது" என்றார் ஆயா. எனக்குச் சுருக்கென்றது. என் அம்மா கொம்பு எடுக்காமல் எறா வறுப்பவரா? அக்காவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது என் மனதில் ஓடியது இதுதான். அம்மாவின் சமையலை ஊர் முன்னால் இப்படிச் சொல்லிவிட்டாரே.

அக்காவின் முகம் எங்கள் கண் முன்னாலேயே மாறிக்கொண்டிருந்தது. உதடு வீங்கியது. கண்கள் கோடாகின. பேச வாயைத் திறந்தால் காற்று மட்டும் விசிலடித்தது. சோற்று உருண்டையைத் துப்பிவிட்டு, இடது கையை நீட்டி, புஜத்தில் வலது கையின் இரண்டு விரலால் குத்திக் குத்திக் காட்டினார். சட்டென்று எல்லோரும் அமைதியானோம். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பொடியன், "பச்ச மொளகா" என்றான். இன்னொருவன் வெண்டைக்காய் என்றான். பழக்கதோஷம். அக்கா கண்ணில் நீர் வழியத் தலையை ஆட்டி ஆட்டி, மறுபடி மறுபடி புஜத்தைக் குத்தினார்.

வகுப்பறையிலிருந்து எழுந்து ஓடிவந்த பெரிய வாத்தியார்தான் புரிந்துகொண்டார். "ஊசிடா! ஊசி கேக்கறாங்க. படகு எடுங்க" என்றார்.

ஏரிக்கரையில் என் நைனாவும் சின்ன மாமாவும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். வலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். அக்காவை மாமா தோளில் தூக்கிக்கொண்டு ஓடியதில் அக்காவுடைய ஒரு செருப்பு மணலில் விழுந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அன்று ஏரியில் வத்தம். தண்ணீர் இறங்கிச் சேறு தெரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் படகு தரை தட்டியது. நைனாவும் மாமாவும் வாத்தியாரும் இடுப்பளவு சேற்றில் இறங்கிப் படகைத் தள்ளினார்கள். வேட்டி மடித்துக் கட்டிய வாத்தியாரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆயா கரையில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். படகு சின்னதாகிக்கொண்டே போவதைச் செருப்பைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் நைனா திரும்பினார். பழவேற்காட்டில் சரக்கு வண்டி வைத்திருந்த ஒரு பாய், ஏற்றியிருந்த மூட்டைகளைத் தெருவில் இறக்கிப் போட்டுவிட்டு அக்காவை ஏற்றிக்கொண்டாராம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் மூச்சு வந்ததாம். பொன்னேரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மெட்ராசுக்கு அனுப்பிவிட்டார்களாம். இன்னொரு நாழி போயிருந்தால் என்று ஆரம்பித்தவர், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அன்றே ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். வெளியூர்ப் பெண், படித்த பெண், நம்மை நம்பி வந்த பெண். நாளைக்குப் போலீஸ் வந்தால் என்ன சொல்வது? எறாவில் ஏதாவது இருந்ததா? "நான்தான் வறுத்தேன்" என்று அம்மா முன்னால் வந்து நின்றார். மிச்சம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள். வீட்டுச் சட்டியில் கொஞ்சம் இருந்தது. நைனா எல்லோருக்கும் முன்னால் ஒன்றை எடுத்துத் தின்று காட்டினார். ஊர்த் தலைவர் நம்பிக்கையில்லாமல் தானும் ஒன்றை எடுத்தார். பக்கத்தில் இருந்தவர், ஒன்றில் எப்படித் தெரியும் என்று இரண்டை எடுத்தார். சட்டி காலியாகும்வரை விசாரணை நடந்தது. எறாவில் குறையில்லை என்று தீர்ப்பாயிற்று. மசாலாவைப் பற்றிக்கூட ஒருவர் நல்லவிதமாகச் சொன்னார். அம்மா வீட்டுக்கு வந்து சட்டியைக் கவிழ்த்துவிட்டு அழுதார். ஒத்துக்காதுன்னு சொல்லிச்சே, சொல்லிக்கினே இருந்துச்சே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குறையில்லாத எறாவுக்கு ஏன் அழவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். அக்கா இறந்துவிட்டார் என்று ஒருவன் சொன்னான். இல்லை, எங்கள் பள்ளிக்கூடத்தில் சோறு போடுவதை நிறுத்தப்போகிறார்கள் என்று இன்னொருவன் சொன்னான். ஆயா இரண்டையும் நம்பி, அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொண்டு சாம்பாரைக் கிண்டிக்கொண்டே இருந்தார். சிறுகீரைக்கு நாங்கள் முறைபோட்டுத் தண்ணீர் ஊற்றினோம். யாரும் சொல்லாமலே தட்டு விளிம்பில் வரிசை அடுக்குவதும் நின்றுபோனது. கத்தரிக்காய், பூசணி, ஆயா ஒரு நாள் போட்ட பாகற்காய், எல்லாவற்றையும் விழுங்கினேன். ஒன்று விடாமல் தின்றுவிட்டால் அக்கா வந்துவிடுவார் என்று என்னோடு நானே ஒரு ஒப்பந்தம் செய்திருந்தேன். மற்றவர்களும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும். வேலிக்கு அப்பால் காக்காய்கள் நின்று பார்த்துவிட்டு ஏமாந்து பறந்துபோயின.

வேலியில் பாகல் இன்னொரு முறை காய்த்திருந்தது. அப்போது ஒரு நாள் அக்கரையிலிருந்து வந்த படகில் ஒரு அம்மாள் இறங்கினார். நரை கலந்த கொண்டை, கையில் ஒயர்க் கூடை. நிற்கிற நிலையைப் பார்த்ததுமே அக்காவின் அம்மா என்று தெரிந்துவிட்டது. பெண்ணின் துணிமணிகளை எடுத்துப்போக வந்திருக்கிறார் என்றார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் கூட்டம் கூடிவிட்டது. என் அம்மா முன்னால் போய், "எங்க புள்ளைங்க தெரியாம குடுத்துடிச்சிங்கம்மா. நாந்தான் வறுத்துக் குடுத்தேன்" என்றார்.

அந்த அம்மாள் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பசங்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்மா. அஞ்சு வயசுல ஒரு தடவை இதேமாதிரி வந்து ஆஸ்பத்திரியில வெச்சிருந்தோம். தெரிஞ்சுதான் சாப்பிட்டிருக்கா."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. அக்கா நன்றாக இருக்கிறார், எழுந்து நடக்கிறார், ரசம் சாதம் சாப்பிடுகிறார் என்றார். ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா திரும்பி வருவாரா என்று பெரிய வாத்தியார் கேட்டதற்கு, வரவேண்டும் என்றுதான் பிடிவாதம் பிடிக்கிறாள், நான்தான் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன் என்றார். அந்த நிமிஷம் அந்த அம்மாளை நான் வெறுத்தேன். ஒரு வருஷம் என்று சொல்லிவிட்டுப் பாதியில் நிறுத்தலாமா? எங்களிடம் சட்டம் பேசியவருக்கு வீட்டில் இப்படி ஒரு அம்மாவா?

பிறகு அவர் எங்கள் பக்கம் திரும்பி, பாகற்காய் சாப்பிட்ட பெண் யார் என்று கேட்டார். அத்தை மகன் என் முதுகில் கை வைத்துத் தள்ளினான். கையில் அக்காவின் ஒற்றைச் செருப்போடு அவர் முன்னால் போய் நின்றேன். யார் கொடுத்தது என்று கேட்பார், நான்தான் என்று சொல்லிவிட்டு, ஆனால் கொம்பெல்லாம் எடுத்த எறா என்று கூடவே சொல்லிவிட வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் மணலில் என் உயரத்துக்கு மண்டியிட்டு உட்கார்ந்தார். செருப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அதச் சாப்பிட்டாளே," என்றார், "அப்போ சிரிச்சாளா?"

ஒத்திகை பார்த்த பதில் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. ஏரியைத் தாண்டி அவ்வளவு தூரம் வந்தவர் இதையா கேட்பார்? நடந்ததை அப்படியே சொன்னேன். சின்னதாக ஒன்றை எடுத்தது, கண்ணை மூடிக்கொண்டது, கண்ணைத் திறந்து சிரித்தது, எளநி வழுக்கையை வறுத்த மாதிரி தித்திப்பாக இருக்கிறது என்று சொன்னது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. கேட்டதற்குத்தான் பதில் சொல்லியாயிற்றே, இன்னும் என்ன என்று எனக்குப் புரியவில்லை. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கை நடுங்கியது.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார்.